லிட்டருக்குக் கணக்கு உண்டு, இறங்கும் ஆளுக்குக் கணக்கு இல்லை

கள ஆய்வுக்காகத் திருப்பூர்ப் பக்கம் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போயிருந்தேன். பெயர் இங்கே தேவையில்லை. அந்த வட்டாரத்தில் அதைப் போல இன்னும் பல இருக்கின்றன. வரவேற்பறைச் சுவரில் பெரிய திரை. இன்று எத்தனை யூனிட் சூரிய மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர் மறுசுழற்சி, எத்தனை கிலோ கரியமில வாயு தவிர்ப்பு என்று எண்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 'சஸ்டெய்னபிலிட்டி மேனேஜர்' பொறுப்பில் இருந்தவருக்கு என் வயதுதான் இருக்கும். கூரை முழுவதும் பதித்த சோலார் தகடுகளையும், சுற்றுச்சுவரை ஒட்டி வளர்த்திருந்த குறுங்காட்டையும் உற்சாகமாகச் சுற்றிக்காட்டினார். அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்ன எல்லாமே அங்கே இருந்தன.

கடைசியாகக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் பின்பக்கம் வந்தோம். நான்கு பேர் கசடை அள்ளி மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரிடம்தான் கையுறை இருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "இவங்க நம்ம கம்பெனி ஆளுங்க இல்லைங்க, காண்ட்ராக்ட்."

மாலையில் அந்த நால்வரில் ஒருவரை வாசலுக்கு எதிரே டீக்கடையில் பார்த்தேன். ஐம்பதை நெருங்கும் வயது. நால்வரும் ஒரே ஊரா என்று கேட்டேன். ஒரே காலனி என்றார். அருந்ததியர் காலனி. அவருடைய அப்பா பஞ்சாயத்தில் துப்புரவு வேலை பார்த்தவர். கம்பெனியின் செப்டிக் டேங்க் அடைத்துக்கொண்டாலும் இவர்களுக்குத்தான் போன் வருமாம்.

"தையல் பக்கம் வேலை கேட்டுப் பாக்கலையாண்ணா?"

"பையனுக்குக் கேட்டேந் தம்பி. வரச் சொன்னாங்க. எந்த ஊருன்னு கேட்டாங்க, சொன்னான். காண்ட்ராக்டரைப் போய்ப் பாருன்னுட்டாங்க."

பத்தாவது முடித்த அந்தப் பையனும் இப்போது மூட்டை கட்டுகிறான். நான் பார்த்த நால்வரில் ஒருவன் அவன்.

நிலைத்த வளர்ச்சி என்பதற்கு ஐ.நா. அமைத்த பிரண்ட்லேண்ட் ஆணையம் 1987இல் கொடுத்த விளக்கத்தை எல்லா நிறுவனங்களின் அறிக்கையிலும் ஏதோ ஒரு வடிவில் பார்க்கலாம். வருங்காலத் தலைமுறைக்கு உரியதைப் பறிக்காமல் இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்வது. நல்ல விளக்கம்தான். ஆனால் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறை ஒரே குழியைச் சுற்றி நிற்கும்போது, எந்த வருங்காலத் தலைமுறையைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்? இந்தியாவில் சாதியைப் போலத் தன்னை வெற்றிகரமாக நீடித்து நிலைக்க வைத்துக்கொண்ட அமைப்பு வேறு எதுவும் இல்லை. அதைத் தொடாத நிலைத்தன்மைத் திட்டம் எதை நிலைக்க வைக்கிறது என்பதுதான் என் கேள்வி.

பூஜ்ஜியம் எங்கே போகிறது?

திருப்பூரின் கதையிலிருந்தே தொடங்கலாம். சாயப்பட்டறைக் கழிவு நொய்யலைக் கொன்றது. பாசனத்துக்காக ஒரத்துப்பாளையத்தில் 1992இல் கட்டிய அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். கழிவுநீரை ஒரு சொட்டுக்கூட வெளியே விடக்கூடாது என்ற நிபந்தனை வந்தது. அது நிறைவேறாததால் 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் 'ஜீரோ டிஸ்சார்ஜ்' என்ற சொல் திருப்பூரில் டீக்கடை வரைக்கும் வந்தது. இன்று உலகச் சந்தையில் திருப்பூர் தன்னைப் பசுமை நகரமாக முன்னிறுத்துவதற்கு அடிப்படையே இந்தத் தொழில்நுட்பம்தான்.

அந்தப் போராட்டத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆற்றைக் கெடுத்தவர்களைத் தடுத்து நிறுத்தியது பெரிய வெற்றி. ஆனால் அந்தக் கதையிலேயே ஓர் இடைவெளி இருக்கிறது. நிலம் கெட்டதற்கு இழப்பீடு பேசப்பட்டது. அந்த நிலத்தில் கூலிக்குப் போனவரின் பிழைப்பு கெட்டதற்கு யார் பேசினார்கள்? நிலம் வைத்திருந்தவருக்கு வழக்குப் போடும் தகுதி இருந்தது. நிலமே இல்லாதவர் எதைக் காட்டி வழக்குப் போடுவார்? சுற்றுச்சூழல் பாதிப்பை அளக்கும் முதல் அளவுகோலே பட்டாவாக இருந்தால், தலைமுறை தலைமுறையாக நிலம் மறுக்கப்பட்டவர்கள் கணக்கில் வரவே மாட்டார்கள்.

இன்னொன்று, பூஜ்ஜியம் என்பது உண்மையில் பூஜ்ஜியம் அல்ல. சாயத் தண்ணீரைச் சுத்திகரித்து, சவ்வுகளின் வழியே வடிகட்டி, மிச்சத்தைக் கொதிக்கவைத்து ஆவியாக்கினால், தண்ணீர் திரும்பக் கிடைக்கும். உப்பில் ஒரு பகுதியும் திரும்பக் கிடைக்கும். ஆனால் ஆற்றுக்குப் போயிருக்க வேண்டிய நஞ்சு மாயமாகிவிடாது. கலப்பு உப்பாகவும் கசடாகவும் ஆலைக்குள்ளேயே குவியும். அதை யாராவது அள்ள வேண்டும், காயவைக்க வேண்டும், மூட்டை கட்ட வேண்டும், லாரியில் ஏற்ற வேண்டும். தொட்டியின் அடியில் படிந்ததைச் சுரண்ட யாராவது இறங்க வேண்டும். ஆற்றுக்குப் போன நஞ்சு இப்போது ஆளுக்குப் போகிறது.

2015 ஜனவரி கடைசியில் ராணிப்பேட்டை சிப்காட் பகுதியில், தோல் ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கசடு தேக்கிவைத்திருந்த தொட்டியின் சுவர் இரவில் உடைந்தது. பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தக் கசடில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். சூழலைக் காப்பதற்காகக் கட்டிய இடத்திலிருந்தே அந்தச் சாவு வந்தது.

படிவத்தில் இல்லாத பத்தி

நிறுவனங்கள் நிலைத்தன்மைத் திட்டம் வகுப்பதற்கு ஒரு வழமை இருக்கிறது. எது முக்கியம் என்று சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்பது முதல் படி. இப்போதைய நிலையை அளப்பது இரண்டாவது. இலக்கு வைப்பது மூன்றாவது. அதைச் செயல்படுத்தி, ஆண்டுதோறும் அறிக்கை வெளியிடுவது நான்காவது. இந்த நான்கு படியிலும் சாதி எப்படி நழுவிப்போகிறது என்று பார்ப்போம்.

இந்தியாவில் சந்தை மதிப்பில் முதல் 1000 இடங்களில் உள்ள பங்குச்சந்தை நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டிலிருந்து பி.ஆர்.எஸ்.ஆர். என்ற அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதித்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கலாம். நீளமான படிவம். எத்தனை லிட்டர் தண்ணீர் எடுத்தீர்கள், எந்த மூலத்திலிருந்து எடுத்தீர்கள், எத்தனை டன் கழிவு, கழிவுநீரை வெளியே விடாத ஏற்பாடு இருக்கிறதா என்றெல்லாம் கேட்கிறது. ஊழியர்களில் ஆண்கள் எத்தனை, பெண்கள் எத்தனை, மாற்றுத்திறனாளிகள் எத்தனை, நிரந்தரம் எத்தனை, நிரந்தரமற்றோர் எத்தனை, இயக்குநர் குழுவில் பெண்கள் எத்தனை என்றும் கேட்கிறது. இவை எல்லாம் கேட்க வேண்டியவைதான்.

ஊழியர்களில் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எத்தனை பேர், எந்தப் பணியில் இருக்கிறார்கள் என்று மட்டும் கேட்கவில்லை.

'விளிம்புநிலைப் பிரிவினர்' என்ற சொல்லே படிவத்தில் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். இருக்கிறது. சமூகப் பொறுப்புத் திட்டங்களின் பயனாளிகளில் விளிம்புநிலைப் பிரிவினர் எத்தனை விழுக்காடு என்று ஒரு கேள்வி. அவர்களிடமிருந்து பொருள் வாங்க முன்னுரிமைக் கொள்கை உண்டா என்று இன்னொரு கேள்வி. கூர்ந்து கவனியுங்கள். பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்ச் வாங்கிக் கொடுக்கும்போது, மருத்துவ முகாம் நடத்தும்போது நாம் எண்ணப்படுகிறோம். நாற்காலியில் உட்காருவோரை எண்ணும்போது நாம் இல்லை. வாங்குகிறவர்களாகத் தெரிகிறோம், உழைக்கிறவர்களாகத் தெரியவில்லை. தர்மத்துக்குச் சாதி தெரியும், சம்பளத்துக்குத் தெரியாது.

சரி, நாற்காலியில் யார் இருக்கிறார்கள்? 2012இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவின் முதல் 1000 நிறுவனங்களின் இயக்குநர் குழுக்களைச் சாதிவாரியாகக் கணக்கிட்டது. உறுப்பினர்களில் ஏறத்தாழ 93 விழுக்காட்டினர் முற்பட்ட சாதியினர். பட்டியல் சாதியும் பழங்குடியும் சேர்த்து 3.5 விழுக்காடு. 'எது முக்கியம்' என்று தீர்மானிக்கும் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் இவர்கள்தான். அந்த மேசையிலிருந்து பார்த்தால் காலநிலை மாற்றம் தெரிகிறது, தண்ணீர்ப் பற்றாக்குறை தெரிகிறது. மலக்குழி தெரிவதில்லை. தெரியக் கூடாது என்று யாரும் சதி செய்ய வேண்டியதில்லை. அந்தக் குழியில் அவர்கள் வீட்டிலிருந்து யாரும் இறங்கியதில்லை, அவ்வளவுதான்.

மேசைக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் தொழிலாளர்களை ஒன்றிய அரசே 'நமஸ்தே' திட்டத்தின் கீழ்க் கணக்கெடுத்தது. 2024இல் வெளியான விவரப்படி, கணக்கெடுக்கப்பட்ட சுமார் 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92 விழுக்காடு. மேலே 93, கீழே 92. இந்த இரண்டு எண்களையும் அருகருகே எழுதி வைத்துக்கொண்டால் இந்திய நிறுவனத்தின் அமைப்பு வரைபடம் கிடைத்துவிடும்.

இரண்டு விழுக்காட்டுக்குக் கீழே

"அது எங்கள் வேலை இல்லை, ஒப்பந்ததாரர் வேலை" என்பது அடுத்த கதவு. இதற்கும் ஒரு பதில் இருப்பதுபோலத் தெரியும். ஒரு நிறுவனம் தன் 'மதிப்புச் சங்கிலி'யில் இருப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும் என்கிறது செபி. ஆனால் அந்தச் சங்கிலியில் யார் வருவார்கள்? நிறுவனத்தின் கொள்முதலிலோ விற்பனையிலோ மதிப்பில் 2 விழுக்காடோ அதற்கு மேலோ பங்குள்ளவர்கள். அதையும் பிறகு கட்டாயமில்லை, விரும்பினால் சொல்லலாம் என்று தளர்த்திவிட்டார்கள்.

இந்த 2 விழுக்காட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நூல் விற்பவர் வருவார். இயந்திரம் விற்பவர் வருவார். செப்டிக் டேங்க் லாரிக்காரர் எந்தக் காலத்திலாவது 2 விழுக்காட்டைத் தொடுவாரா? கசடு மூட்டை கட்டும் காண்ட்ராக்டர் தொடுவாரா? கழிப்பறை கழுவ ஆள் அனுப்பும் ஏஜென்சி தொடுமா? ஒரு நிறுவனம் செய்யும் செலவுகளிலேயே மிகக் குறைந்தது இதுதான். சாதிதான் இந்த உழைப்பை இவ்வளவு மலிவாக வைத்திருக்கிறது. மலிவாக இருப்பதாலேயே அது கணக்குக்கு வெளியே போகிறது. கணக்குக்கு வெளியே இருப்பதால் மலிவாகவே தொடர்கிறது. ரூபாயை வைத்துச் சங்கிலியை அளந்தால், உயிருக்கு ஆபத்து அதிகமுள்ள கண்ணிதான் முதலில் அறுந்துபோகும்.

சட்டம் இதை ஏற்கவில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஆபத்தான முறையில் சாக்கடையையோ மலக்குழியையோ சுத்தம் செய்ய எவரையும் 'நேரடியாகவோ மறைமுகமாகவோ' அமர்த்தக் கூடாது என்கிறது. 'காண்ட்ராக்ட்' என்ற சொல்லுக்கு அங்கே மன்னிப்பு இல்லை. மலக்குழி மரணத்துக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. ஆனாலும் சாவு நிற்கவில்லை. நாடாளுமன்றத்தில் தரப்பட்ட கணக்குகளில் இந்தச் சாவுகளில் முன்வரிசையில் நிற்பது நம் தமிழ்நாடு.

ஆலைக்குள் எந்தப் பிரிவு யாருக்கு என்று சாதி பிரித்துவைப்பது புதிதும் அல்ல. பம்பாய்ப் பஞ்சாலைகளில் நெசவுப் பிரிவுக்குள் தலித் தொழிலாளர்களை விடவில்லை. அறுந்த நூலை வாயால் உறிஞ்சி நாடாவில் கோக்க வேண்டும், எச்சில் பட்டுத் தீட்டாகிவிடும் என்பது சொல்லப்பட்ட காரணம். கூலி அதிகம் கிடைத்த பிரிவும் அதுதான். 1928 பஞ்சாலை வேலைநிறுத்தக் காலத்தில் அண்ணல் அம்பேத்கர் இதைத் தொழிற்சங்கக் கோரிக்கையாக எழுப்பினார். கிட்டத்தட்ட நூறு ஆண்டுகள் ஆகிவிட்டன. டீக்கடையில் நான் கேட்ட கதையில் நாடா இல்லை, எச்சில் இல்லை. "எந்த ஊரு?" என்ற ஒரு கேள்வி போதுமானதாக இருந்தது.

"சாதியைக் கேட்டால் சாதி வளராதா?"

இதைப் பேசினால் உடனே வரும் எதிர்ப்பு இது. நிறுவனத்துக்குள் சாதியைக் கேட்பதே பிரிவினை என்பார்கள். எடை பார்த்தால் எடை கூடிவிடும் என்று எந்த மருத்துவரும் சொல்வதில்லை. அமெரிக்காவில் 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள், ஊழியர்களின் இனம், பாலினம் பற்றிய விவரத்தைப் பணிநிலைவாரியாக அரசுக்குக் கொடுப்பது பல பத்தாண்டு வழக்கம். அங்கே கிளை வைத்திருக்கும் இந்திய நிறுவனங்களும் அதை நிரப்பித்தான் வந்திருக்கின்றன. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது? வேலையிலும் தொழிலிலும் பாகுபாட்டைத் தடைசெய்யும் ஐ.எல்.ஓ.வின் 111ஆவது உடன்படிக்கையை இந்தியா 1960லேயே ஏற்றுக்கொண்டது. 'சமூகப் பிறப்பு' அடிப்படையிலான பாகுபாடும் அதில் அடக்கம்.

அச்சம் ஒன்று நியாயமானது. சாதியை வெளியே சொன்னால் மேலாளர் பழிவாங்குவார் என்று ஒரு தலித் ஊழியர் அஞ்சலாம். அவருக்கு அந்த அனுபவம் இருக்கும். அதனால்தான் விவரம் விருப்பத்தின் பேரில், பெயரில்லாமல், நிறுவனத்துக்கு வெளியே உள்ள ஓர் அமைப்பின் வழியாகத் திரட்டப்பட வேண்டும். மொத்த எண்ணிக்கை மட்டுமே வெளியாக வேண்டும். இதற்கான வழிகள் இருக்கின்றன. மனம்தான் இல்லை. 2006இல் தனியார் துறை இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு எழுந்தபோது, "சட்டம் வேண்டாம், நாங்களே முன்வந்து செய்கிறோம்" என்று தொழிலதிபர் கூட்டமைப்புகள் நடத்தை நெறிகளை நீட்டின. பெண்களைப் போல, தண்ணீரைப் போல, கட்டாயம் எண்ண வேண்டிய ஒன்றாக அது இன்றுவரை மாறவில்லை.

திண்டுக்கல்லில் முடிந்தது

செய்ய முடியும் என்பதற்கு நம் மண்ணிலேயே சான்று இருக்கிறது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் பகுதி ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த 20 வயது தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளரே குற்றம் சாட்டப்பட்டார். தலித் பெண்கள் தலைமையேற்ற தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அந்தச் சாவை ஒரு குற்ற வழக்கோடு முடிய விடவில்லை. 2022 ஏப்ரலில் அந்தச் சங்கம், ஆசிய அடிப்படைக் கூலிக் கூட்டமைப்பு உள்ளிட்ட அமைப்புகளோடு சேர்ந்து, ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் போட்டது. பின்னர் கேப், பி.வி.எச். ஆகிய நிறுவனங்களும் வந்தன. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன் கீழ் வந்தார்கள்.

அந்த ஒப்பந்தத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது மூன்று. பாலின வன்முறையோடு சாதிப் பாகுபாடும் அதில் வெளிப்படையாகப் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது. கண்காணித்தது, வருடத்துக்கு ஒரு முறை காரில் வந்து போகும் தணிக்கையாளர் அல்ல. தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பயிற்சி பெற்ற பெண் தொழிலாளர்களே கண்காணித்தார்கள். மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்ற அழுத்தம் நிறுவனத்தின் மேல் இருந்தது. எந்த ஆலோசனை நிறுவனமும் இதை வகுத்துக் கொடுக்கவில்லை. சங்கம் போராடி எழுதவைத்த நிலைத்தன்மைத் திட்டம் இது.

ஆகவே ஒரு நிறுவனம் உண்மையிலேயே திட்டம் வகுக்க விரும்பினால், செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 'எது முக்கியம்' என்று கேட்கும் பட்டியலில் முதலீட்டாளருக்கு முன்பாகத் தூய்மைப் பணியாளரையும் கசடு அள்ளுபவரையும் அவர்களுடைய சங்கத்தையும் சேருங்கள். பணிநிலைவாரியாகச் சாதிக் கணக்கெடுத்து வெளியிடுங்கள். சங்கிலியை ரூபாயால் அளக்காமல் உயிராபத்தால் அளங்கள். மலக்குழிக்கும் கசடுத் தொட்டிக்கும் மனிதர் இறங்குவதை 'பூஜ்ஜியம்' ஆக்குவதை முதல் இலக்காக எழுதி, இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்குங்கள். அந்த வேலையில் இப்போது இருப்பவர்களை நிரந்தரமாக்குங்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் தையலுக்கும் கணக்குக்கும் தரக்கட்டுப்பாட்டுக்கும் மேலாண்மைக்கும் வரும் வழியைத் திறங்கள். இயந்திரம் வந்ததும் அவர்களை வெளியே அனுப்பிவிட்டு அதையும் பசுமை என்று எழுதிக்கொள்ளாதீர்கள்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் நிறுவனங்களில் வேலை செய்கிறீர்கள். சிலர் இந்த அறிக்கைகளை எழுதும் வேலையிலேயே இருக்கலாம். எனக்கு அந்த மேலாளர் மீது கோபமில்லை. அவருக்குக் கொடுத்த படிவத்தை அவர் நேர்மையாக நிரப்பினார். ஆனால் படிவத்தில் இல்லாததைக் கேட்கும் இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். உங்கள் நிறுவனத்தின் அறிக்கையை இறக்கிப் படியுங்கள். அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் கட்டடத்தின் செப்டிக் டேங்கைச் சுத்தம் செய்பவர் யார்? அவருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? அவர் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை கிடைக்கும்?

பதில் தெரியாது என்பார்கள். எத்தனை லிட்டர் தண்ணீர் மிச்சமானது என்று கேட்டால் மட்டும் தசமப் புள்ளி வரை சொல்வார்கள். அந்த இரண்டு பதில்களையும் ஒன்றாக எழுதி வையுங்கள். திட்டம் அங்கிருந்து தொடங்கட்டும்.